பெஞ்சில் நின்ற எண்

பெற்றோர் வைத்த பெயர் அவருக்குச் சம்பளப் பட்டியலில் மட்டும்தான் இருந்தது. மற்ற எல்லா இடத்திலும் அவர் பெஞ்சு சார். வாசல் காவலாளி அப்படித்தான் கூப்பிடுவார். கேன்டீனில் டீ போடுகிறவர், "பெஞ்சு சாருக்கு சர்க்கரை கம்மி" என்று உள்ளே குரல் கொடுப்பார். புதிதாகச் சேர்ந்தவர்கள் முதல் வாரம் சிரிப்பை அடக்கிக்கொண்டு அலைவார்கள். அப்புறம் அவர்களும் அப்படியே கூப்பிட ஆரம்பித்துவிடுவார்கள்.

தொலைபேசி நிறுவனத்தின் கட்டுப்பாட்டு அறையில் அவருக்கு வேலை. மூன்றாவது மாடி. அந்த அறைக்கு ஜன்னல் கிடையாது. இயந்திரங்கள் சூடாகக் கூடாது என்று ஏ.சி.யை அப்படி வைத்திருப்பார்கள். வெளியே வெயில் மண்டையைப் பிளக்கும்போதும் உள்ளே இருப்பவர்கள் ஸ்வெட்டர் போட்டிருப்பார்கள். சுவர் முழுக்க ஒரு பெரிய திரை. அதில் ஊர்களெல்லாம் புள்ளிகள், ஊர்களுக்கு நடுவே ஓடும் பேச்சுப் பாதைகளெல்லாம் கோடுகள். பாதை நன்றாக இருந்தால் பச்சை, நெரிசல் என்றால் மஞ்சள், அறுந்தால் சிவப்பு.

போனில் பேசுகிறவர்கள் இதையெல்லாம் நினைத்துப் பார்ப்பதில்லை. ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்குப் பேச்சு போக நாலைந்து வழிகள் இருக்கும். ஒன்று அடைத்துக்கொண்டால் இன்னொன்றில் திருப்பிவிட வேண்டும். பேசுகிறவர் "ஹலோ" சொல்லி மூச்சு விடுவதற்குள் திருப்பியாக வேண்டும். அதைச் செய்கிற இயந்திரங்களுக்கு வழி சொல்லிக் கொடுப்பதுதான் அவர் வேலை. கம்பத்தில் ஏறி ஒயர் கட்டும் ஆளாகச் சேர்ந்து, மாலை வகுப்பில் டிப்ளமோ முடித்து, படிப்படியாக இந்தக் குளிர் அறைக்கு வந்து சேர்ந்தவர் அவர்.

அவருக்குத் தலைவலி கொடுத்த ஊர் ஒன்று இருந்தது. ஆற்றுக்கு அக்கரையில் இருக்கும் சின்ன ஊர். அதற்கு மட்டும் ஒரே ஒரு பாதை. பாலத்துக்கு அடியில் குழாய்க்குள் போகும் கேபிள். பலமாகக் காற்றடித்தாலும் சரி, கனத்த லாரிகள் வரிசையாகப் போனாலும் சரி, அந்தப் பாதை விட்டுவிட்டு வேலை செய்யும். பேசிக்கொண்டிருப்பவர்களுக்குப் பேச்சு அறுந்துபோகும். உடனே எல்லாரும் மறுபடி போடுவார்கள். சில போன்கள் தாமாகவே மறுபடி மறுபடி போடும். ஒரு சின்னக் கதவை ஊரே சேர்ந்து தட்டினால் என்ன ஆகும்? யாரும் உள்ளே போக முடியாது. அதுதான் அங்கே நடந்தது.

தலைமைப் பொறியாளர் ஒரு பெண்மணி. எல்லாரும் அவரை மேடம் என்பார்கள். அதிகம் பேசமாட்டார், பேசினால் நேராக விஷயத்துக்கு வருவார்.

"ரெண்டாவது கேபிள் வர நாளாகும். அதுவரைக்கும் கையைக் கட்டிக்கிட்டு உட்கார முடியாது. யாருக்காவது ஏதாவது தோணுதா?"

"ஒருத்தன் விடாம கதவைத் தட்டுறதால பத்து பேர் வெளியே நிக்கிறாங்க மேடம். தட்டுறவனைக் கொஞ்ச நேரம் தள்ளி நிக்க வெச்சாப் போதும்" என்றார் இவர்.

"எப்படி நிக்க வைப்பீங்க?"

"எங்க கணக்கு வாத்தியார் வைப்பாரே, பெஞ்சு மேல. அந்த மாதிரி."

அறை முழுக்கச் சிரிப்பு. "நீங்க எத்தனை தடவை ஏறியிருக்கீங்க சார்?" என்றான் ஒருவன்.

"ஏறாத நாளைக் கேளு. அதை எண்ணுறது சுலபம்."

விளையாட்டாகத்தான் சொன்னார். ஆனால் விஷயம் அவர் மனதில் தெளிவாக இருந்தது. அவர் போட்ட விதி இதுதான். ஓர் எண்ணிலிருந்து போகும் அழைப்பு, எதிர்முனையில் எடுப்பதற்குள் அறுந்துவிட்டால் அந்த எண்ணுக்கு ஒரு கறுப்புப் புள்ளி. புள்ளிகள் கொஞ்ச நேரத்துக்குள் நிறையச் சேர்ந்தால் அந்த எண் பெஞ்சில் ஏறிவிடும். அதாவது, அதிலிருந்து வெளியே போகும் அழைப்பை இயந்திரம் வாங்காது. 'டொக் டொக்' என்று ஒரு சத்தம் மட்டும் கேட்கும். அந்த நேரத்திலும் விடாமல் போட்டால் இன்னும் புள்ளி ஏறும். சும்மா இருந்தால் புள்ளிகள் தாமாக அழியும், எண் தானாகக் கீழே இறங்கும். அவசர உதவிக்கான எண்ணை மட்டும் யார் வேண்டுமானாலும் எப்போது வேண்டுமானாலும் அழைக்கலாம். உள்ளே வரும் அழைப்புக்கும் தடை கிடையாது. பெஞ்சில் நிற்பவன் கேட்கலாம், கத்தக் கூடாது. அவ்வளவுதான்.

அறையில் ஓர் இளம் பொறியாளர் மட்டும் ஒன்று கேட்டாள். "சார், மிஸ்டு கால் குடுக்கிறவங்க? அவங்களும் எடுக்கிறதுக்கு முன்னாடியே வெச்சிடுவாங்களே. இயந்திரத்துக்கு அதுவும் அறுந்த மாதிரிதானே தெரியும்?"

"ஒண்ணு ரெண்டு குடுத்தா பெஞ்சு வரைக்கும் போகாதும்மா. ஒரே மூச்சுல அத்தனை மிஸ்டு கால் குடுக்கிறதுக்கு யாருக்கு வேலை இல்லை?" என்றார் அவர். அவளும் சிரித்துவிட்டு விட்டுவிட்டாள்.

விதி அற்புதமாக வேலை செய்தது. அடுத்த புயல் காற்றில் அக்கரை ஊரின் கோடு மஞ்சளாயிற்று, ஆனால் சிவப்பாகவில்லை. மேடம் திரையையே பார்த்துக்கொண்டு நின்றார். "படிச்ச பசங்க இதுக்கு நீளமா ஒரு பேர் வைப்பாங்க. வேண்டாம். பெஞ்சுன்னே இருக்கட்டும்" என்றார். அன்றிலிருந்து அவர் பெஞ்சு சார்.

அந்த அக்கரை ஊரில்தான் அவருடைய அக்கா இருந்தாள்.

தையல்காரி. கடை என்று சொன்னால் கடை. ஷட்டரை ஏற்றினால் ஒரு மிஷின், துணி வெட்டும் மேசை, ஆளுயரக் கண்ணாடி, வருகிறவர்கள் உட்கார ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. பக்கத்துக் கடையில் சாவி செய்கிறவர் நாள் முழுக்க இரும்பை ராவிக்கொண்டிருப்பார். "அவர் ராவுறதும் நான் தைக்கிறதும் சேர்ந்தா ஒரு கச்சேரிடா" என்பாள் அக்கா. அம்மாவும் அப்பாவும் அடுத்தடுத்துப் போனபோது தம்பிக்கு மீசை முளைக்கவில்லை. அவனைக் கம்பத்தில் ஏற்றியதும் அவள்தான், கம்பத்திலிருந்து இறக்கி வகுப்புக்கு அனுப்பியதும் அவள்தான். கணவரையும் சின்ன வயதிலேயே பறிகொடுத்தாள். ஒரே மகள். மகள் அதே ஊரில் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்த்தாள்.

அக்காவுக்கும் தம்பிக்கும் ஒரு வழக்கம் இருந்தது. மதியம் தம்பி டிபன் டப்பாவைத் திறக்கும் நேரத்துக்கு அக்கா ஒரே ஒரு ரிங் விட்டு வைத்துவிடுவாள். 'நான் நல்லா இருக்கேன், நீ ஓய்வா இருந்தா கூப்பிடு' என்று அர்த்தம். அவர் கூப்பிடுவார்.

"என்ன சாப்பாடு?"

"கேன்டீன்தான்."

"அதைத்தான் சாப்பாடுங்கிறியா? உனக்குப் பொண்ணு தேடி நான் போடாத போன் இல்ல. எந்த லைனும் கிடைக்கமாட்டேங்குது. ஊருக்கெல்லாம் வழி காட்டுறே, உன் கல்யாணத்துக்கு ஒரு வழியைக் காணோம்."

"அந்தப் பாதையில வேலை நடக்குதுக்கா. மாத்துப் பாதையில போ."

"போடா."

அக்கா அவருக்கு முழுதாக ரிங் விட்டது வாழ்க்கையிலேயே ஒரு தடவைதான். மாமா இறந்த அன்று. அதற்குப் பிறகு ரிங் ஒன்றைத் தாண்டி நீண்டாலே போதும், யார் அழைத்தாலும் சரி, பாய்ந்து எடுப்பார்.

பெஞ்சு விதி வந்த புதிதில் அவர் அக்கா கடைக்குப் போயிருந்தார். அக்கா தெருவில் போகிறவர்களைக் கூப்பிட்டுச் சொன்னாள். "இவன்தான் என் தம்பி. ஊர்ல இருக்கிற போனையெல்லாம் பெஞ்சு மேல ஏத்தி வெச்சிருக்கானே, அவன்."

சாவிக்கடைக்காரர் ராவுவதை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார். "அப்ப என் போனை ஏத்துனதும் நீங்கதானா? நேத்து டொக் டொக்னு சொல்லுச்சு. என்னடா இது, நம்ம தட்டுறது நமக்கே கேட்குதேன்னு பார்த்தேன்."

எல்லாரும் சிரித்தார்கள். அக்கா மட்டும் கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டுக் கவனமாகக் கேட்டாள். "எனக்கு அப்படிச் சத்தம் வந்தா என்னடா பண்ணணும்?"

"ஒண்ணும் பண்ணாதே. அதுதான் விஷயமே. அமுக்க அமுக்கப் புள்ளி ஏறும். போனை ஓரமா வெச்சுட்டு உன் வேலையைப் பாரு. தானா இறங்கிடும்."

"எவ்வளவு நேரம்?"

"நீ ஒரு சட்டைக்குப் பட்டன் வெச்சு முடிக்கிற நேரம்."

"அவ்வளவுதானா? பட்டன் வெச்சுட்டாப் போச்சு" என்றாள் அக்கா. சொன்னதைப் பிடித்துக்கொண்டால் விடமாட்டாள். வகுப்பில் வாத்தியார் சொன்னதை வீட்டில் அம்மாவுக்கே பாடம் நடத்திய பெண்.

பள்ளிக்கூடங்கள் திறக்கும் சமயம் வந்தது. அது அக்காவுக்குத் தலைக்கு மேல் வேலை. அக்கரை ஊரில் பாதிப் பிள்ளைகளுக்குச் சீருடை தைப்பது அவள்தான். தைத்து முடித்ததும் பெற்றோருக்கு ஒவ்வொருவராக ஒரு ரிங் விட்டு வைத்துவிடுவாள். 'துணி ரெடி, வந்து வாங்கிக்கோ' என்று அர்த்தம். எதற்கு எடுத்துப் பேசி நேரத்தைக் கெடுப்பது? ஊருக்கே அந்தப் பழக்கம் இருந்தது. பால்காரர் ஒரு ரிங் விட்டால் கதவைத் திறக்க வேண்டும். ஆட்டோக்காரர் ஒரு ரிங் விட்டால் பிள்ளையை வாசலுக்கு அனுப்ப வேண்டும்.

தம்பிக்கு இது தெரியாதா? தெரியும். தினமும் மதியம் அக்காவிடமிருந்து ஒற்றை ரிங் வாங்கியவர்தானே. ஆனால் அதை அவர் அழைப்பு என்று நினைத்ததே இல்லை. அது அக்கா. குளிர் அறையில் திரைக்கு முன்னால் உட்கார்ந்து அழைப்புகளைப் பற்றி யோசித்தபோது, அக்கா அவர் ஞாபகத்துக்கு வரவே இல்லை.

அன்று கட்டுப்பாட்டு அறைக்குத் தலைமையகத்திலிருந்து பெரியவர்கள் வந்திருந்தார்கள். பெஞ்சு விதியை எல்லா ஊர்களுக்கும் கொண்டுபோகலாமா என்று பார்க்க வந்தவர்கள். அவர் இஸ்திரி போட்ட சட்டையோடு திரைக்கு முன்னால் நின்று விளக்கினார். அக்கரை ஊரைப் பெரிதாக்கிக் காட்டினார். இப்போது ஒவ்வொரு போன் எண்ணும் ஒரு புள்ளி. பச்சைப் புள்ளிகளுக்கு நடுவே அங்கங்கே சாம்பல் நிறப் புள்ளிகள்.

"இந்தச் சாம்பல் புள்ளியெல்லாம் என்ன?" என்றார் வந்தவர்களில் ஒருவர்.

"பெஞ்சுல நிக்கிறவங்க சார்."

"பாவம், எப்ப இறங்குவாங்க?"

"சேட்டை பண்ணாம இருந்தா தானா இறங்கிடுவாங்க."

பெரியவர்கள் சிரித்தார்கள். மேடத்தின் முகத்தில்கூட ஒரு புன்னகை வந்தது. பெஞ்சு சார் சொன்னதை அவ்வளவு பேர் காது கொடுத்துக் கேட்டது அதுதான் முதல் தடவை.

சாப்பாட்டு நேரம் தாண்டியும் பேச்சு நீண்டது. சட்டைப் பையில் போன் அதிரவில்லை என்பது அவருக்கு இடையில் ஒருமுறை உறைத்தது. அக்காவின் ரிங் இன்னும் வரவில்லை. சீருடை வேலையில் மூழ்கியிருப்பாள், மறந்திருப்பாள் என்று நினைத்துக்கொண்டார். அவராகக் கூப்பிட்டிருக்கலாம். உள்ளே போகும் அழைப்புக்குத் தடை இல்லை என்று அந்த நிமிடம்தான் பெரியவர்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார்.

அவர்கள் கிளம்பிப் போனதும் டிபன் டப்பாவைத் திறந்தார். அப்போது போன் அடித்தது. ஒரு ரிங்கில் நிற்கவில்லை. இரண்டு, மூன்று என்று நீண்டது. எடுத்தார். அக்கா மகள்.

"மாமா," என்றாள். அப்புறம் அவளால் எதுவும் சொல்ல முடியவில்லை. சாவிக்கடைக்காரர் போனை வாங்கி, "தம்பி, உடனே கிளம்பி வாங்க" என்றார்.

பாலத்தின் மேல் பஸ் போகும்போது, முன்னால் போன லாரியின் கனத்தில் பாலம் லேசாக அதிர்வது அவர் காலுக்குத் தெரிந்தது. அடியில் அந்தக் கேபிள் போகிறது என்று வேறு எந்த நாளாக இருந்தாலும் நினைத்திருப்பார்.

அக்காவை அடக்கம் செய்தார்கள். ஆஸ்பத்திரியில் டாக்டர், "கொஞ்சம் முன்னாடி கொண்டு வந்திருந்தா முயற்சி பண்ணியிருக்கலாம்" என்றார். எல்லாரிடமும் சொல்கிற வார்த்தையா, அக்காவுக்காகச் சொன்னதா, தெரியவில்லை. அவர் திருப்பிக் கேட்கவில்லை.

வந்தவர்கள் எல்லாம் போன பிறகு கடை வாசலில் மூன்று பேர்தான் உட்கார்ந்திருந்தார்கள். அவர், அக்கா மகள், சாவிக்கடைக்காரர். உள்ளே தைத்து மடித்த சீருடைகள் அடுக்கடுக்காக இருந்தன. மிஷின் மேல் ஒரு வெள்ளைச் சட்டை பாதியில் நின்றிருந்தது.

சாவிக்கடைக்காரர் தரையைப் பார்த்துக்கொண்டு பேசினார். "காலையிலேர்ந்து ரிங் விட்டுக்கிட்டே இருந்தாங்க. துணி ரெடி, துணி ரெடின்னு ஒவ்வொருத்தருக்கா. மதியம் நான் டீ கொண்டுபோய்க் குடுத்தேன். நெஞ்சை ஒரு மாதிரி அழுத்திப் பிடிச்சிருந்தாங்க. என்னக்கான்னேன். வாயுப் பிடிப்பு மாதிரி இருக்கு, தம்பிக்கு ஒரு போன் போட்டா நல்ல டாக்டர் யாருன்னு சொல்வான்னாங்க. போட்டாங்க. டொக் டொக்னு வந்துச்சு."

தம்பி நிமிர்ந்து பார்த்தார்.

"என் போன்ல போடுறேன்கான்னு சொன்னேன். சிரிச்சுட்டாங்க. 'என்னையும் பெஞ்சுல ஏத்திட்டான் பாருங்க, சொந்த அக்கான்னுகூடப் பார்க்கல. ஒண்ணுமில்ல, ஒரு சட்டைக்குப் பட்டன் வெச்சா இறங்கிடும்'னாங்க. நான் என் வேலையைப் பார்க்கப் போயிட்டேன் தம்பி. மிஷின் சத்தம் கேட்கலையேன்னு அப்புறமாத்தான் எட்டிப் பார்த்தேன்."

அக்கா மகள் எழுந்து உள்ளே போனாள். மிஷின் மேலிருந்த சட்டையை எடுத்து வந்தாள். மேலே இரண்டு பட்டன் வைத்திருந்தது. மூன்றாவதில் ஊசி குத்தியபடி நூல் தொங்கியது.

"மாமா, பெஞ்சுல நிக்கிறப்ப அமுக்கக் கூடாதுன்னு அம்மாகிட்ட நீங்கதான் சொன்னீங்களா?"

"ஆமாம்மா."

"அம்மா அமுக்கவே இல்லை. நான் போனைப் பார்த்துட்டேன். உங்களுக்கு ஒரே ஒரு தடவைதான் போட்டிருக்காங்க." சட்டையை மடியில் வைத்துக்கொண்டாள். "நான் சொன்னா எதையாவது கேட்டிருக்காங்களா? டாக்டர்கிட்ட வான்னு எத்தனை தடவை கூப்பிட்டேன். நீங்க சொன்னதை மட்டும் அப்படியே கேட்டிருக்காங்க."

அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால் அவருக்குக் கொஞ்சம் மூச்சு வந்திருக்கும். அதற்குப் பிறகு அவள் அவரிடம் பேசவில்லை. அவர் கூப்பிட்டால் எடுப்பாள், "ம்" என்பாள், வைத்துவிடுவாள். பிறகு அதுவும் நின்றது.

வேலைக்குத் திரும்பியதும் அவர் செய்த முதல் காரியம், அன்றைய மதியத்தின் திரையை மறுபடி ஓடவிட்டுப் பார்த்ததுதான். இயந்திரத்தில் எல்லாம் பதிவாகியிருந்தது. அக்கரை ஊர், சாம்பல் புள்ளிகள். ஒவ்வொரு புள்ளியையும் தொட்டால் எண் தெரியும். எட்டிப்பிடிக்கிற உயரத்தில், அவர் அன்று குச்சியை வைத்துக் காட்டிய இடத்துக்குச் சற்று இடதுபக்கம், அக்காவின் எண் நின்றிருந்தது. "சேட்டை பண்ணாம இருந்தா தானா இறங்கிடுவாங்க" என்று அவர் சொன்னபோது அது அங்கேதான் நின்றிருக்கிறது. சேட்டை எதுவும் பண்ணவில்லை. சொன்ன நேரத்தில் சாம்பல் நிறம் மாறிப் பச்சையாகவும் ஆகியிருக்கிறது. அதற்குப் பிறகு அந்த எண்ணிலிருந்து எந்த அழைப்பும் போகவில்லை.

மேடத்தின் அறைக்குப் போனார். மேடம் எழுந்து கதவைச் சாத்தினார்.

"கேள்விப்பட்டேன். உங்க மேல தப்புன்னு யாரும் சொல்ல முடியாது. அவசர எண் திறந்துதான் இருந்துச்சு."

"அதுக்கு வரலை மேடம். வைக்கிறதும் அறுந்துபோறதும் ஒண்ணு இல்லை."

"என்ன சொல்றீங்க?"

"ஒருத்தர் சிவப்புப் பட்டனை அமுக்கி வெச்சா, அவங்க போன் 'முடிச்சுக்கிட்டேன்'னு நமக்கு ஒரு செய்தி அனுப்புது. பாதை அறுந்தா அந்தச் செய்தி வராது. சத்தமில்லாமக் காணாமப் போயிடும். நம்ம இயந்திரத்துக்கு ரெண்டும் தனித்தனியாத் தெரியும். நான்தான் ரெண்டுக்கும் ஒரே புள்ளி வெச்சேன்."

"ஏன்?"

"சுலபமா இருந்துச்சு."

மேடம் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "நானும் பார்த்துட்டுத்தானே கையெழுத்துப் போட்டேன்" என்றார். பிறகு அவருக்கே உரிய நேர்மையோடு அடுத்ததைக் கேட்டார். "சரி. வெச்சவங்களை விட்டுட்டோம்னு வைங்க. புயல் நேரத்துல பாதிப் பேர் கேட்கலைன்னு தாங்களே வெச்சுட்டு உடனே மறுபடி போடுவாங்க. பழையபடி கதவு அடைச்சுக்குமே?"

"அடைச்சுக்கலாம் மேடம். அதுக்கு வேற ஏதாவது பண்ணணும். வரிசையில நிக்க வைக்கலாம். தாமதமாப் போகட்டும். ஆனா போகணும்."

"சீக்கிரம் முடியாது."

"தெரியும்."

"தலைமையகத்துல பழைய விதியையே எல்லா ஊருக்கும் போடச் சொல்லி உத்தரவு வந்தாச்சு."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். மேடம் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். "நான் கையெழுத்துப் போடாம அது இந்த மாடியை விட்டு இறங்காது. போய் வேலையைப் பாருங்க."

வேலையைப் பார்த்தார். அன்று மிஸ்டு கால் பற்றிக் கேட்ட இளம் பொறியாளரையும் கூட வைத்துக்கொண்டார். "நான் அன்னைக்கே இன்னும் அழுத்திக் கேட்டிருக்கணும் சார்" என்றாள் அவள். "நீ கேட்டேம்மா. சிரிச்சது நான்" என்றார். அதற்கு மேல் இருவரும் அதைப் பற்றிப் பேசவில்லை. எழுதினார்கள், சோதித்தார்கள், தவறு கண்டார்கள், மறுபடி எழுதினார்கள். வெளியே மழைக்காலம் வந்து போனதே தெரியவில்லை. ஜன்னல் இல்லாத அறைதானே.

எல்லாரும் இன்னும் அவரைப் பெஞ்சு சார் என்றுதான் கூப்பிட்டார்கள். அப்படிக் கூப்பிட வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? சொன்னால் ஏன் என்று கேட்பார்கள். கேன்டீன்காரர் "பெஞ்சு சாருக்கு சர்க்கரை கம்மி" என்று குரல் கொடுக்கும்போது தலையாட்டிவிட்டுப் போவார்.

புதிய விதியை முதலில் அக்கரை ஊருக்குத்தான் போட்டார்கள். போட்ட அன்று மாலை அவர் அக்கா மகளுக்கு ஒரு செய்தி அனுப்பினார். நீளமாக எழுதி, அழித்து, எழுதி, அழித்துக் கடைசியில் ஒரு வரிதான் போயிற்று: 'இனிமேல் ரிங் விட்டு வைத்தால் புள்ளி ஏறாதும்மா.' பதில் வரவில்லை. மறுநாளும் இல்லை. அதற்கு அடுத்த நாளும் இல்லை. அவர் எதிர்பார்ப்பதை நிறுத்திக்கொண்டார்.

ஒருநாள் டிபன் டப்பாவைத் திறக்கும்போது போன் ஒரு ரிங் அடித்து நின்றது. திரையில் 'அக்கா' என்று இருந்தது. அந்தப் பெயரை அவர் அழிக்கவில்லை. எண்ணை அக்கா மகளும் ரத்து செய்யவில்லை போலும்.

பழக்கத்தில் கை திருப்பிக் கூப்பிடப் போனது. அதற்குள் இன்னொரு ரிங். நின்றது. மறுபடி ஒன்று. நின்றது.

அவருக்குப் புரிந்துவிட்டது. போனை மேசைமேல் வைத்துவிட்டுக் கைகளை மடியில் வைத்துக்கொண்டார். ரிங் வந்தது, நின்றது. வந்தது, நின்றது. பக்கத்து மேசைக்காரன் திரும்பிப் பார்த்தான். "சார், யாரோ விளையாடுறாங்க. பிளாக் பண்ணிடுங்களேன்."

"விளையாடலைப்பா. அவங்க ஒண்ணைச் சரிபார்க்கிறாங்க."

பழைய விதியாக இருந்தால் எந்த ரிங்கோடு பெஞ்சு என்று அவருக்குத் தெரியும். அதுவும் வந்தது. காத்திருந்தார். அடுத்ததும் வந்தது. அதற்கு அடுத்ததும் வந்தது. அவள் விடுவதாக இல்லை. தன் அம்மாவுக்காக எத்தனை தடவை அமுக்க நினைத்தாளோ, அத்தனையையும் அன்று அமுக்கினாள். டப்பாவில் சாப்பாடு ஆறிப்போயிற்று.

பிறகு ஒரு ரிங் வந்தது. அது நிற்கவில்லை. இரண்டாயிற்று, மூன்றாயிற்று. எடுத்தார்.

"எடுத்துட்டீங்க" என்றாள் அக்கா மகள்.

"எடுத்துட்டேம்மா."

பின்னால் இரும்பு ராவும் சத்தம் கேட்டது. கடையில்தான் உட்கார்ந்திருக்கிறாள்.

"எவ்வளவு அடிச்சேன்னே தெரியல மாமா. டொக் டொக் வரவே இல்லை."

"வராதும்மா."

"யாருக்குமா?"

"தானா வெச்சவங்க யாருக்கும் வராது."

"அந்தச் சட்டைக்குப் பட்டன் நானே வெச்சுக் குடுத்துட்டேன். அந்தப் பையன் போட்டுக்கிட்டுப் பள்ளிக்கூடம் போறான். தினமும் கடை வழியாத்தான் போறான்" என்றாள். அப்புறம் குரல் உடைந்தது. "அம்மா இன்னும் ஒரு தடவை அமுக்கியிருக்கக் கூடாதா மாமா?"

"நான் சொல்லாம இருந்திருக்கணும்மா" என்று மட்டும் சொன்னார். அது அவளுக்குக் கேட்டதா என்று தெரியவில்லை. அவள் அழுதுகொண்டிருந்தாள். அடக்கத்தின்போதுகூட அவள் அப்படி அழவில்லை. சாவிக்கடைக்காரர் ராவுவதை நிறுத்தியிருக்க வேண்டும், பின்னால் சத்தம் நின்றுபோயிருந்தது.

சுவரில் அக்கரை ஊருக்குப் போகும் கோடு பச்சையாக இருந்தது. அந்தக் கோட்டில் அப்போது போய்க்கொண்டிருந்த பேச்சுகளில் ஒன்று அவர்களுடையது. அவர் போனைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவளும் வைக்கவில்லை.